உங்கள் விளையை ஏன் கொத்தாமல் போட்டிருக்கிறேன், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்களிடம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்திருக்கும் விளையை, அதாவது சரிவுத் தோட்டத்தை, நான் படம் எடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "விளை காடாகக் கிடக்கிறது, பக்கத்து விளை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார், ஜேசிபி விட்டு நிரப்பாக்கி உழுதுவிடலாமே" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தீர்கள். பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். மஸ்கட்டிலும் துபாயிலும் இருந்துகொண்டு, இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம், கடையாலுமூடு பக்கம் சரிவு நிலத்தைப் பாட்டத்துக்கு விட்டிருக்கிற வேறு அண்ணாச்சிமாரும் இதையேதான் கேட்கிறார்கள்.

முதலில் காசு. மண்ணைக் காப்பாற்றும் புண்ணியத்துக்காக யாரும் உழவைக் குறைப்பதில்லை, நானும் இல்லை. அந்தச் சரிவில் டில்லர் ஓடாது, ஆள்தான் கொத்த வேண்டும், ஆள் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் கூலி கொடுத்து முடிக்கும்போது மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) விற்ற காசில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளை எரிக்காமல், உழாமல், ஹேப்பி சீடர் என்ற மிஷினை வைத்து அதன் ஊடாகவே கோதுமை விதைக்கிறார்களே, அவர்களைக் கேட்டாலும் டீசல் மிச்சம், விதைப்பு முந்துகிறது என்றுதான் முதலில் சொல்வார்கள். மண் தேறுவதெல்லாம் அப்புறம் கூடவே வருவது.

அடுத்தது மழை. நமக்கு ஜூனில் ஒரு பருவம், ஐப்பசியில் இன்னொன்று. கொத்திப் பொடியாக்கிய செம்மண் மேல் மழைத்துளி நேராக அடித்தால் மண்கட்டி உடைந்து, அந்தத் தூளே மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் கீழே இறங்காது. மேல்மண்ணையும் நான் வாங்கிப் போட்ட உரத்தையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். 2021 நவம்பர் வெள்ளத்தில் குழித்துறை ஆறு என்ன நிறத்தில் ஓடியது என்று உங்களுக்கும் வீடியோ வந்திருக்குமே, அந்த நிறம் யாரோ ஒருவர் விளையின் மேல்மண்தான். பக்கத்து விளையின் சுத்தத்தை நீங்கள் ஒரு பெருமழை முடிந்து வந்து பார்க்க வேண்டும்.

படத்தில் குப்பையாகத் தெரிவது குலை வெட்டியபின் துண்டுபோட்ட வாழைத்தடையும் (தண்டும்) சவறும் (காய்ந்த இலையும்). படத்தில் தெரியாதது, தென்னை மூட்டில் நான் புதைத்திருக்கும் கதம்பல், அதாவது தேங்காய் மட்டை. குழிந்த பக்கம் மேலே வரும்படி அடுக்கிப் புதைத்தால் அது தன் எடையைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஐந்தாறு வருஷம் அந்த வேலையைச் செய்யும். மாசி, பங்குனியில் உங்கள் கிணறு அடி காட்டும்போது இந்த ஈரம்தான் கை கொடுக்கிறது.

இதில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உழவின் பாதி வேலை களையை அடக்குவது, உழவை விட்டால் களை வரும். பல நாடுகளில் உழாத விவசாயம் பரவியதே களைக்கொல்லியின் முதுகில் ஏறித்தான். நம் நாட்டில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022இல் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. போடாவிட்டாலும் கிணற்றுக்கு மேலே நான் அடிக்க மாட்டேன். புல்வெட்டும் மிஷினால் வெட்டி, வெட்டியதை அங்கேயே போடுகிறேன். அதுதான் உங்கள் கண்ணுக்குக் காடு. வெறுமனே உழாமல் விட்டாலும் போதாது: 610 ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வந்த ஒரு கட்டுரை, உழவை மட்டும் நிறுத்தினால் விளைச்சல் குறைகிறது, மூடாக்கும் (மண்ணைத் தாள், சருகால் மூடிவைப்பதும்) பயிர் மாற்றமும் சேர்ந்தால் அந்தக் குறை தணிகிறது என்கிறது. எல்லா நிலத்துக்கும் பொருந்தவும் செய்யாது. தோவாளைப் பக்கம் வயல்காரர் தொளி கலக்குவது (சேறாக உழுவது) வயலில் தண்ணீர் நிற்பதற்காக, அவரிடம் போய் உழாதே என்றால் சிரிப்பார். சிரிக்கத்தான் வேண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பேச்சுக்கு வருகிறேன். மேல்விளையில் உங்கள் அப்பா ரப்பர் வைத்தபோது சரிவுக்குக் குறுக்கே தட்டு வெட்டி, மழைக்குழி எடுத்து, மரத்துக்கு இடையில் பூராரியா என்ற மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டார். ரப்பர் வாரியம் சொல்லிக்கொடுத்தது என்பது இருக்கட்டும். ஏழாம் வருஷம் பால் வெட்டத் தொடங்கி, இன்னும் இருபது வருஷம் அந்த மரத்தை நம்பி இருக்கிறவர் மண்ணை ஓடவிடுவாரா? அதே குன்றின் கீழே, பத்து மாசப் பாட்டத்துக்கு மரச்சீனி போடுகிறவன் எதற்காகக் கய்யாலைக்கு (மண்ணைத் தடுக்கும் கல்வரப்புக்கு) கல் சுமக்க வேண்டும்? நட மண்ணைக் கிளறுகிறான், பிடுங்க மறுபடியும் கிளறுகிறான், போய்விடுகிறான். ரப்பர்க்காரர் நல்லவர், மரச்சீனிக்காரன் பொறுப்பில்லாதவன் என்று இதற்கு அர்த்தமில்லை. அடுத்த வருஷம் யாருடையது என்பதுதான் கேள்வி.

பிரேசிலின் பரானா மாநிலத்தில், அங்கேயும் செம்மண்தான், ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, பெருமழை தன் மண்ணை வாரிக்கொண்டு போவதைப் பார்த்து, அமெரிக்காவில் கென்டக்கிக்குப் போய் ஹாரி யங் என்பவரின் உழாத வயலைக் கண்டு, திரும்பி வந்து 1972இல் உழாமல் விதைத்தார். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. கேலியைத் தாங்கினார், ஏனென்றால் நிலம் அவருடையது. ஒரு வருஷம் கையைக் கடித்தாலும் மறுவருஷமும் அதே நிலத்தில்தான் நிற்பார். எனக்கு நீங்கள் தந்திருப்பது வாய்ப்பேச்சில் ஒரு வருஷம். ஆனாலும் கதம்பல் புதைத்தேன், நீங்கள் தொடர்ந்து தருவீர்கள் என்ற நம்பிக்கையில். அதற்கு மேல் என்னால் துணிய முடியாது. கிழக்கோரம் இடிந்து கிடக்கும் கய்யாலை அதனால்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.

எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, நியாயம்தான். உங்கள் வக்கீலையே வைத்து எழுதுங்கள், ஐந்து வருஷம் போதும், உழவும் மூடாக்கும் எப்படி என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். கய்யாலைக்குக் கல் உங்கள் செலவு, கூலி என் செலவு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது முடித்துவிடலாம், அதுவரைக்கும் அந்த ஜேசிபிக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.