"குழந்தைகளுக்கான பாதுகாப்பான கடல்" என்று விற்ற விடுதிக்கு ஒரு புகார்

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில் உள்ள தங்கள் விடுதியில், மே மாதக் கடைசி வார இறுதியில் நாங்கள் எடுத்த குடும்பக் கோடைத் தொகுப்பு, கடல் எச்சரிக்கையை மறைத்தது, உயிர்காப்பாளர் இல்லாதது, சொன்ன வசதிகளைத் தராதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் விடுதிக்கு முன்னால் உள்ள கடற்கரையில் என் மூன்று வயது மகனை அலை உருட்டிக்கொண்டு போனது. அவனைத் தூக்கியவர் உங்கள் ஊழியர் அல்ல. பக்கத்து ஊர் மீனவர் ஒருவர். அன்றைக்குக் கடல் பொங்கும் என்ற எச்சரிக்கை காலையிலேயே வந்திருந்தது, அது உங்கள் விடுதிக்கும் தெரியும், எங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. என் புகாரில் முதன்மையானது இதுதான். மற்றவற்றைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் மதுரைக்காரர்கள். கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். முட்டி வலியோடு இருக்கும் என் அத்தையும் பேரப்பிள்ளைகள் மணலில் விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்தார். எத்தனையோ விடுதிகளைப் பார்த்துவிட்டு உங்களுடையதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உங்கள் விளம்பரம்தான். "அலை அடங்கிய, ஆழமில்லாத கடல். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர். குழந்தைகளுக்குத் தனி நீச்சல் குளம்" என்று அதில் இருந்தது. முன்பதிவுக்கு முன் தொலைபேசியிலும் கேட்டேன். "சின்னப் பிள்ளைங்கதான் மேடம் எங்களுக்கு அதிகம் வர்றாங்க, பயப்படாம வாங்க" என்றார் உங்கள் ஊழியர். அதை நம்பித்தான் 28,600 ரூபாயை முன்கூட்டியே கட்டினோம்.

மே மாதக் கடைசியில் அந்தக் கரையை "அலை அடங்கிய கடல்" என்று விற்பதே தவறு. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியையொட்டிக் கேரளத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன்பிருந்தே அந்தப் பக்கக் கடல் குமுறத் தொடங்கும் என்பது உள்ளூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். போதாததற்குக் கள்ளக்கடல் வேறு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசும் புயல்காற்றில் எழும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். பெற்றோர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்ணால் பார்த்து அதைக் கணிக்க முடியாது. அதனால்தான் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், எந்தக் கரையில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு அலை எழும், எந்த நேரம் வரைக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. மாவட்ட நிர்வாகமும் அதைச் சொல்கிறது. கடற்கரையில் தொழில் செய்யும் உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அதற்கு முன்னும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் பட்டதை இங்கே நான் எழுதத் தேவையில்லை.

அன்று நடந்ததை எழுதுகிறேன். நாற்காலிகளையும் குடையையும் மணலில் போட்டவர்கள் உங்கள் ஊழியர்கள். எந்த இடம் என்று முடிவு செய்ததும் அவர்களே. தண்ணீரிலிருந்து நல்ல தூரம் தள்ளி, காய்ந்த மணலில்தான் உட்கார்ந்திருந்தோம். மூத்தவள் நண்டு வளைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்னவன் அவன் அப்பாவின் காலடியில் வாளியை வைத்து மணல் அள்ளிக்கொண்டிருந்தான். ஞாயிறு அந்த ஊர் மீனவர்களுக்குத் தொழில் இல்லாத நாள். ஆனாலும் சற்றுத் தள்ளி ஆண்கள் கூட்டமாக வந்து வள்ளங்களைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. உங்கள் ஊழியர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த மீனவர்களில் ஒருவர்தான் எங்களைப் பார்த்துக் கத்தினார்: "எம்மா, பிள்ளைய தூக்கிட்டு மேல ஏறுங்க, கடல் ஏறுது!" நாங்கள் எழுந்து திரும்புவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. சீறி அடிக்கும் அலையாக இல்லை. மொத்தக் கடலும் மட்டம் உயர்ந்து கரைக்குள் நடந்து வந்ததுபோல் வந்தது. நாற்காலி, குடை, அத்தை எல்லாம் சாய்ந்தன. திரும்பிப் போகும்போதுதான் இழுப்பு. என் கணவரின் கைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை, அந்த மணல் காலடியில் கரைந்துபோனதில் அவரே விழுந்துவிட்டார். கத்திய மனிதர் ஓடிவந்து குறுக்கே பாய்ந்து சின்னவனின் சட்டையைப் பிடித்தார்.

அப்போது உங்கள் உயிர்காப்பாளர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். அவர் சனிக்கிழமையிலிருந்தே விடுப்பில் இருக்கிறார், மாற்று ஆள் இல்லை என்றார்கள். கரையில் சிவப்புக் கொடி இல்லை. கயிறு கட்டவில்லை. மிதவை வளையம் ஒன்று வரவேற்பறைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறது. விடுதியின் மேலாளர் என் நனைந்த பிள்ளையைப் பார்த்தபடியே, "கடல் எங்க கன்ட்ரோல்ல இல்லைங்க மேடம்" என்றார். கடலை அடக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தெரிந்ததைச் சொல்வது உங்கள் கையில்தானே இருந்தது? பிற்பாடு உங்கள் வாயிற்காவலர்தான் சொன்னார், காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் மைக்கில் அறிவித்தார்களாம், ஊரில் யாரும் கரைக்குப் பிள்ளைகளை விட வேண்டாம் என்று. அவர் அதை அப்போதே வரவேற்பறையில் சொல்லியிருக்கிறார். "கெஸ்ட்டப் பயமுறுத்தாதீங்க" என்று பதில் வந்திருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த எச்சரிக்கை, காசு கொடுத்து வந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

சின்னவன் உப்புத் தண்ணீர் குடித்திருந்தான். இருமலும் வாந்தியும் நிற்கவில்லை. முதலுதவிப் பெட்டி கேட்டபோது சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடினார்கள். வண்டி கேட்டபோது ஓட்டுநர் போய்விட்டார் என்றார்கள். அந்த மீனவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தாலும் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம் என்று சொல்லி, நாகர்கோவிலில் மருத்துவர் இரவு வெகுநேரம் அவனைக் கண்காணிப்பில் வைத்திருந்தார். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் மூத்தவள் இப்போது குளியலறையில் வாளித் தண்ணீர் சத்தம் கேட்டாலும் தம்பியைத் தேடி ஓடுகிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கோடை இப்படி நினைவில் நின்றுவிட்டது.

காயல் படகுச் சவாரியில் நடந்ததும் இதே அலட்சியம்தான். சனிக்கிழமை மாலை எங்களைப் படகில் ஏற்றும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் மிதவைச் சட்டையை மாட்டினார்கள். சின்னவனுக்கு அது முழங்கால் வரை தொங்கியது. அப்படிப்பட்ட சட்டை தண்ணீரில் மேலே எழும்பித் தலை வழியாகக் கழன்றுவிடும், பிள்ளை கீழே போய்விடும். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில், இரு கால்களுக்கும் நடுவே வார் போட்டுக் கட்டும் சட்டை வேண்டும். இருக்கிறதா என்று கேட்டேன். "ஆழம் இடுப்பு வரைக்கும்தான் மேடம்" என்றார் படகோட்டி. யாருடைய இடுப்பு என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் இறங்கிவிட்டோம். அந்தச் சவாரிக்கும் பணம் பிடித்திருக்கிறீர்கள்.

குழந்தைகள் குளம் வறண்டு கிடந்தது, பராமரிப்பாம். முன்பதிவின்போது அதைச் சொல்லியிருக்கலாம். மணல் விளையாட்டுத் திடலில் உடைந்த பாட்டில் துண்டுகள் கிடந்தன, புகைப்படம் இணைத்திருக்கிறேன். சறுக்குமரம் தகரம். காலை பத்து மணிக்கே கை வைக்க முடியாத சூடு. அதற்கு மேல் ஒரு பந்தல் போடக்கூடவா முடியவில்லை? தொட்டில் கேட்டுப் பதிவு செய்திருந்தோம், கடைசி வரை வரவில்லை.

திங்கட்கிழமைச் சுற்றுலாவைப் பற்றியும் எழுத வேண்டும். தொகுப்பில் திங்கள் காலை பத்மநாபபுரம் அரண்மனை என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. தக்கலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வண்டி வாசல் வரை போய்த் திரும்பியது. பிறகு ஓட்டுநர் தன் பொறுப்பில் எங்களை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனார். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 1966-இல் கட்டிய அந்தப் பாலத்தில், மூத்தவள் தண்ணீர் ஓடும் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அங்கேதான். அந்த நன்றி ஓட்டுநருக்கு. உங்கள் நிறுவனத்துக்கு அதில் பங்கு இல்லை.

சாப்பாட்டு ரசீதில் கேட்காமலே 620 ரூபாய் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறீர்கள். உணவகமோ விடுதியோ ரசீதில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்துவிட்டது. நான் இதைச் சொன்னதும் "சிஸ்டத்துல அப்படித்தான் வரும்" என்று பதில்.

ஊருக்குத் திரும்பியதும் இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினேன். உங்களிடமிருந்து வந்த பதிலில் என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, அடுத்த முறை வரும்போது 10 சதவீதத் தள்ளுபடி" என்றும், கடலில் இறங்குவது விருந்தினரின் சொந்தப் பொறுப்பு என்று அறிவிப்புப் பலகை இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நாங்கள் கடலில் இறங்கவே இல்லை. கடல்தான் நீங்கள் போட்ட நாற்காலிக்கு வந்தது. அந்தப் பலகையும் வரவேற்பறை மேசைக்குப் பின்னால், பூந்தொட்டி மறைக்கும் இடத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் பாதுகாப்பு என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, சுவரில் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் எழுதினால் முதலில் சொன்னது இல்லாமல் போய்விடாது.

எனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். "அலை அடங்கிய, ஆழமில்லாத கடல்" என்ற வரியை உங்கள் எல்லா விளம்பரங்களிலிருந்தும் உடனே எடுக்க வேண்டும். கடல்சார் தகவல் சேவை மையத்தின் அன்றைய அறிவிப்பைத் தினமும் காலையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரவேற்பறையில் ஒட்ட வேண்டும், எச்சரிக்கை இருந்தால் தங்கியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறைக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும். அன்று கரையில் சிவப்புக் கொடி ஏற வேண்டும், நாற்காலி போடக் கூடாது. உயிர்காப்பாளர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வரும்வரை கடற்கரைப் பக்கக் கதவு பூட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற மிதவைச் சட்டை இல்லாமல் ஒரு படகும் கிளம்பக் கூடாது. இவற்றைச் செய்ததற்கான எழுத்துப்பூர்வ பதிலும் புகைப்படமும் எனக்கு வர வேண்டும்.

பணத்தில், குழந்தைகள் விளையாட்டு வசதிகளுக்கும் படகுக்கும் வாங்கிய 4,000 ரூபாய், அரண்மனைச் சுற்றுலாவுக்கு வாங்கிய 2,500 ரூபாய், சேவைக் கட்டணம் 620 ரூபாய், ஆக 7,120 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மருத்துவச் செலவுக்கான ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன், அதுவும் உங்கள் பொறுப்பு. தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். அதனால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கும் சேர்த்தே மனு கொடுப்பேன். விளம்பரத்தின் நகல், தொலைபேசி உரையாடல் நடந்த தேதி, ரசீதுகள், புகைப்படங்கள், மருத்துவரின் சீட்டு எல்லாம் என்னிடம் உள்ளன. மாவட்ட நிர்வாகத்துக்கும் இதன் நகலை அனுப்புகிறேன். ஜூனிலும் ஜூலையிலும் அந்தக் கரைக்குக் குடும்பங்கள் வருவார்கள், அவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கும்.

கடைசியாக ஒன்று. வாயிற்காவலர் எங்களிடம் உண்மையைச் சொன்னதற்காக அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள். அன்று உங்கள் விடுதியில் தன் வேலையைச் செய்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஏதாவது நடந்தது என்று தெரிந்தால் அதையும் என் மனுவில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: முன்பதிவு உறுதிச்சீட்டு, விளம்பர நகல், ரசீதுகள், மருத்துவச் சீட்டு, புகைப்படங்கள்.