மரச்சில்லின் ஈரமும் டாலர் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரச்சில்லு, அதாவது காகிதக்கூழுக்காகச் சிறு துண்டுகளாக நறுக்கிய மரம், அதன் ஏற்றுமதி வருவாயில் ஆஸ்திரேலியாவை வியட்நாம் முந்தியது பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். மரச்சில்லுக் கப்பல்களில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இரு நாட்டுத் துறைமுகங்களிலும் சரக்கு ஏற்றியிருக்கிறேன். இரு நாட்டு வருவாயையும் கோடுகளாகக் காட்டிய உங்கள் வரைபடத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியர்களின் மெத்தனமே தோல்விக்குக் காரணம் என்று முடித்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கோடுகள் வெட்டிக்கொண்ட அந்த 2011, 2012 ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு அமெரிக்க டாலரையே தாண்டியிருந்தது. அங்கிருந்து வாங்குவது ஜப்பானியக் காகித ஆலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2011 மார்ச் சுனாமியில் இஷினோமாகி, ஹச்சினோஹே ஆலைகளே நீரில் மூழ்கின. அதற்கு முன்பே, 2009இல், வரிச்சலுகையை நம்பி நீலகம் என்னும் யூகலிப்டஸ் வகை மரம் நட்ட ஆஸ்திரேலியாவின் டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் நிறுவனங்கள் நொடித்திருந்தன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்து மர நிறுவனமான கன்ஸ் 2012இல் விழுந்தது. இவ்வளவும் சேர்ந்து இறக்கிய கோட்டுக்கு மெத்தனம் என்று பெயர் வைப்பது நியாயமா?

அடுத்தது எடை. பச்சைச் சில்லில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஏற்றும்போது அவ்வப்போது ஒரு வாளி சில்லு அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதை எடைபோட்டு, அடுப்பில் 105 டிகிரியில் எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்தி, மறுபடி நிறுப்பார்கள். அந்த உலர்ந்த எடைக்குத்தான் பணம். கப்பல் நிறைய யூகலிப்டஸ் வாசனையோடு மலைபோல் குவிந்திருக்கும் சரக்கில் விலை பெறுவது பாதிதான். ஒரு நாட்டுக்கு ஈர டன்னையும் மற்றதற்கு உலர் டன்னையும் வைத்தால் ஒப்பீடு பொய்த்துவிடும். உங்கள் அட்டவணை எந்த டன் என்றே சொல்லவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மரத்தின் வயது. வியட்நாமின் குயிநோன் துறைமுகத்தில் லாரி லாரியாக வந்த கட்டைகள் பல என் முழங்கைப் பருமன்கூட இல்லை. ஐந்தாறு வயது அகேசியா மரம். ஆஸ்திரேலியாவில் நீலகம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நிற்கிறது. வியட்நாமை முதலிடத்துக்குக் கொண்டுவந்த அகேசியாவின் தாயகமே வட ஆஸ்திரேலியாவும் நியூகினியும்தான் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம். அதே மரத்தை இன்னும் ஐந்தாண்டு விட்டுவைத்தால் அறுத்து மேசை, நாற்காலி செய்யலாம். வியட்நாமின் மரச்சாமான் தொழிற்சாலைகளோ வெளிநாட்டிலிருந்து மரம் வாங்குகின்றன.

வியட்நாம் விவசாயி ஏன் காத்திருப்பதில்லை? ஒன்றிரண்டு ஹெக்டேர் நிலம், கடன், பிள்ளைகளின் படிப்பு. போதாக்குறைக்குப் புயல். 2024 செப்டம்பரில் யாகி புயல் குவாங் நின் மாகாணத்துக் காடுகளைப் பாயாகச் சாய்த்துப்போட்டதே! சில்லு ஏற்றுமதிக்கு 2016 முதல் 2 சதவீத வரி விதித்துப் பார்த்தது அரசு. அந்த வரியை சில்லு ஆலைக்காரர் விவசாயிக்குத் தரும் கட்டை விலையில் கழித்துக்கொள்வார் என்பதே என் கவலை. மரம் நிற்கும் வரை கைமாற்றுக் கடனும் புயல் காப்பீடும் கொடுத்தால்தான் விவசாயி கோடாரியை எடுக்கமாட்டார்.

2021இல் சுமார் 175 கோடி டாலராக இருந்த வியட்நாமின் சில்லு வருவாய் 2022இல் சுமார் 280 கோடியாகி, 2023இல் 220 கோடிக்கு இறங்கியது. எடை அந்த அளவுக்கு ஏறி இறங்கவில்லை. ஆட்டம் காட்டியது விலை. இதை வைத்து ஒரு நாட்டின் திறமையை எப்படி அளப்பது?

அடுத்த முறை இரு நாடுகளையும் உலர் டன் கணக்கில், வெட்டிய வயதையும் ஹெக்டேருக்குக் கிடைத்த பணத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். விவசாயி கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு பத்தி தனியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி