பாய் கிழிந்த கதை

டேய் மாப்பிள்ளை,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, தப்புதான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு: என் பாய்மரப் படகின் பெரிய பாய் கிழிந்துவிட்டது.

காற்று திடீரென்று ஏறியது, பின் ஓரத்தில் சர்ரென்று ஒரு சத்தம், நிமிர்ந்து பார்த்தால் தையல் விட்டு, அங்கிருந்து துணியும் முழ நீளத்துக்கு வாய் பிளந்து நிற்கிறது. நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி பாயை இறக்கி, பசை தடவிய ஒட்டுத்துணியை எடுத்து அப்படியே அப்பினேன். அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒரு மூலை கிளம்பியது, அப்புறம் மொத்தமும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உப்பு, வேறென்ன! கழுவாமல் ஒட்டாதே என்று நம் தாடிக்காரர் எத்தனை தடவை கத்தியிருப்பார்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கிழிசலின் ஓரங்களை இழுக்காமல் சேர்த்துப் படுக்கவைத்து, சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிய ஒட்டை இரண்டு பக்கமும் போட்டு, கரண்டி முதுகால் தேய் தேய் என்று தேய்த்தேன். மூலைகளை வட்டமாக நறுக்கிவிட்டேன், கூர்மையாக விட்டால் காற்று அங்கேதான் முதலில் நகத்தை வைக்கும். அதன்மேல் மெழுகு தடவிய பாலியஸ்டர் நூலால் வளைந்து வளைந்து ஒரு தையல் (நீ பார்த்தால் சிரிப்பாய், சிரி). கரை வரை வந்து சேர்ந்தது. மேலே போர்த்தும் கித்தானுக்கு மட்டும் இந்த ஒட்டு வேலை சரிப்படாது, தண்ணீரையே தள்ளிவிடும் துணி பசையை எங்கே பிடிக்கும், அதற்கு ஊசிதான்.

ஆனால் மாப்பிள்ளை, தைக்கும்போதுதான் கவனித்தேன். துணி நன்றாக இருக்கிறது, நூல்தான் செத்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. நூல் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு இருக்கிறது இல்லையா, வெயிலும் உராய்வும் அதைத்தான் முதலில் தின்றிருக்கின்றன. உன் பாயும் என் பாயும் ஒரே வருடத்தில் வாங்கியவை. உறை போடச் சொன்னால் நீ போடுகிற ஆளும் இல்லை. அடுத்த மாதம் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றாயே, அதற்கு முன்னால் போய் பின் ஓரத் தையலைச் சுரண்டிப் பார். உதிர்ந்தால் ஒட்டு கிட்டு எதுவும் வேண்டாம், பாயை அவிழ்த்து முழுக்கத் தைக்கக் கொடு. பார்த்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுது.

கரண்டியை இன்னும் சமையலறையில் திருப்பி வைக்கவில்லை. வீட்டில் போட்டுக் கொடுத்துவிடாதே.