நாடா தீர்ந்த இடம்

அன்புள்ள மகன் முத்துக்குமாருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மருமகளும் நலமாயிருக்கச் செந்திலாண்டவனை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்பதும் நான் "சரிப்பா" என்பதுமாக ஒன்றரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன் நான். என் மகனுக்கு எழுதவேண்டியதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, போகிக்கு முந்தைய இரவு, "ஏதாவது படம் பார்ப்போம்" என்று நீயே சொன்னாய். அம்மா அடுக்களை வேலையைப் பாதியில் விட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நீ ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாய். இரண்டு படங்களைத் தொடங்கி, பத்து நிமிடம் ஆகும் முன்பே நிறுத்தினாய். மூன்றாவதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டாய். அதில் அழுகிறவர்கள்கூட அவசரமாக அழுதார்கள். நாற்பது நிமிடம் கழித்து, "ஒண்ணுலயும் மனசு ஒட்டலம்மா" என்று எழுந்து போய்விட்டாய். "பிள்ளைக்குப் பயண அலுப்பு" என்று அம்மா எனக்குச் சமாதானம் சொன்னாள். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது உன் அறைக் கதவுக்கு அடியில் கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது. நீ இருந்த மூன்று இரவுகளும் தெரிந்தது. காலையில் கேட்கலாம் என்று நினைத்துக் கேட்காமலே உன்னை ரயிலேற்றிவிட்டேன். நேரத்துக்குத் தூங்கப்பா.

உன் வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் படம் தடங்காமல் ஓடுவதற்கும், ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானாகத் தொடங்குவதற்கும் நீ வேலை செய்யும் இடத்தில்தான் வழி செய்கிறார்கள் என்று பஜாரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? உடன்குடி அஞ்சலகத்து எழுத்தரின் மகன் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் ஊருக்கெல்லாம் விருந்து சமைத்துப் பரிமாறுகிறவன் தன் இலையில் உட்கார்ந்து ஒரு கவளம் ருசித்துச் சாப்பிட முடியாமல் எழுந்துபோவதைப் பெற்றவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

எங்களுக்குக் கல்யாணமான 1982ஆம் ஆண்டில் வீட்டு வானொலிக்கு உரிமம் வேண்டும். ஆண்டுக்கு 15 ரூபாயை அஞ்சலகத்தில் கட்டினால், உரிமப் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்போம். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த என் வீட்டில் இருந்தது தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றுதான். பேட்டரி தளர்ந்தால் உடனே புதிது வாங்க முடியாது என்பதால், அம்மா அவற்றை வற்றல் காயும் முறத்தின் ஓரத்தில் வெயிலில் வைத்தெடுப்பாள். அதில் இன்னும் இரண்டு நாள் ஓடும். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி நம் கடற்கரைக்குத் தெளிவாகக் கேட்கும். அறிவிப்பாளர் அப்துல் ஹமீது பேசத் தொடங்கினால் அண்டை வீட்டார் நம் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அடுத்து என்ன பாட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. பிடிக்காத பாட்டு வந்தாலும் அதைக் கேட்டு முடித்தால்தான் பிடித்தது வரும். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போன பாட்டுகள் எனக்கு நிறைய உண்டு.

திருநெல்வேலி வானொலி நிலையத்தின் நேயர் விருப்பத்துக்கு அம்மாவுக்குத் தெரியாமல் பதினோரு வாரம் தபால் அட்டை போட்டேன். பன்னிரண்டாவது வாரம், எத்தனையோ பெயர்களுக்கு நடுவே, எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் பெயர்கள் சேர்ந்து வந்தது அன்றைக்குத்தான். அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து வாசல்வரை வந்து நின்றவள், பாட்டு முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நிமிடப் பாட்டுதான். அதன் இனிமையில் பதினோரு வாரக் காத்திருப்பும் கலந்திருந்தது. பதினோரு வாரமும் ஏமாந்திருக்காவிட்டால் அது எங்களுக்கு அப்படிக் கேட்டிருக்காது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லி உன்னை அலுக்கவைக்க நான் நினைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் உன் அம்மா பார்த்த படங்கள் மொத்தம் நான்கு. பெண்பிள்ளைக்கு இரண்டாம் ஆட்டம் எதற்கு என்று கொட்டகைக்கு அனுப்பமாட்டார்கள். தரை டிக்கெட்டுக்கு வழியில்லாமல் கொட்டகைக்கு வெளியே நின்று வசனம் மட்டும் கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தவிப்பு உனக்கு வேண்டாம் என்றுதான் உன்னைப் படிக்கவைத்தோம். பசித்திருப்பது கொடுமைதான், தம்பி. ஆனால் பசியே எடுக்க விடாமல் நாள் முழுவதும் கொறித்துக்கொண்டிருப்பவனுக்கு அம்மாவின் குழம்பும் ருசிக்காது. சாப்பிடும்போதாவது அந்தக் கைப்பேசியைத் தள்ளி வை என்று சொல்வதும் அதனால்தான். மருமகளும் அந்த நேரத்தில் உன் எதிரில்தானே உட்கார்ந்திருப்பாள்?

ஆப்பிள் நிறுவனத்தின் பாட்டுக் களஞ்சியத்தில் 2022இல் 10 கோடிப் பாடல்கள் சேர்ந்துவிட்டன என்று செய்தித்தாளில் படித்தேன். கணக்குப் பழக்கம் விடவில்லை. பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். இரவு பகலாகக் கேட்டாலும் முடிக்க 570 ஆண்டு ஆகும். அன்று எங்களிடம் இருந்ததோ ஒரு கேசட் நாடா, அறுபது நிமிடம், பக்கத்துக்கு ஏழு பாட்டு. நீ நான்கு வயதாயிருந்தபோது, திருச்செந்தூரில் பதிவுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வந்தது. எந்தப் பாட்டுக்கு இடம், எதற்கு இல்லை என்று அம்மாவும் நானும் இரண்டு இரவு வழக்காடித் தயாரித்த பட்டியல் அது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவே, நாடா தீர்ந்து, படக்கென்று நின்றுவிடும். அந்தப் பாட்டைப் பாடும்போது நீயும் அதே இடத்தில்தான் நிறுத்துவாய். பள்ளி ஆண்டு விழாவில் நீ அங்கே நிறுத்திவிட்டுக் கைகூப்பியதையும், அம்மா கைதட்டத் தொடங்கியதையும், சித்தப்பா செய்ததையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ இப்போது பாடுவதே இல்லை. பொங்கலன்று நீ குளித்துக்கொண்டிருந்தபோது, பாட்டுச் சத்தம் வருமா என்று அம்மா வெளியில் சற்று நின்றாள். கைப்பேசியில் யாரோ பேசிக்கொண்டிருந்த சத்தம்தான் வந்தது.

இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதையும் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு தினமும் மாலையில் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்போம் என்று உன் அம்மாவுக்கு இருபது ஆண்டாகச் சொல்லிவந்தேன். 2014இல் ஓய்வு பெற்றேன். சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம். பிறகு இணையம் மலிந்து, நீ ஆசையாக வாங்கித் தந்த கைப்பேசி வந்தது. இரண்டு காதிலும் செருகிக்கொள்ளும் கருவியும் வந்தது. ஒரு பாட்டு, அதன்கீழே ஒரு நகைச்சுவைத் துணுக்கு, அதன்கீழே யாரோ சமைப்பது என்று விரல் தானாகத் தள்ளிக்கொண்டே போகும். இரண்டு மணி நேரம் கழித்து, என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில் இருக்காது. சென்ற ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லவில்லை. ஒரு மாலை வெந்நீர் கேட்டு உள்ளறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "நீங்க வேலைக்குப் போன நாள்ல கூட இவ்வளவு தூரம் போனதில்ல" என்று மட்டும் சொன்னாள்.

அதைவிட ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லாதது. சென்ற ஆண்டு ஒரு நாள் அந்தப் பாட்டு, நாடா தீர்ந்துபோகும் அந்தப் பாட்டு, கைப்பேசியில் முழுதாக வந்தது. முப்பது ஆண்டுக்கு மேலாக, அதற்குப் பிறகு என்ன வரியாயிருக்கும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த பாட்டு. அம்மா பத்தடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கருவியைக் காதிலிருந்து கழற்றி அவளைக் கூப்பிட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவேயில்லை. தனியாகக் கேட்டேன். மிச்சச் சரணம் முடியும் முன்பே என் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிட்டது. அந்த வரிகள் என்ன என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. அவள் இன்றும் அரிசி களையும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்து, வழக்கமான இடத்தில் நிறுத்துகிறாள். நிறுத்தும்போதெல்லாம் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு கூரைக்கு அடியில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு திரையில், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவது எவ்வளவு எளிது என்பதைப் பட்டவன் சொல்கிறேன். உங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பொங்கலுக்கு மருமகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று நீ சொன்னதை நாங்கள் இருவரும் நம்பினோம்.

வைகாசி விசாகத்துக்கு வாருங்கள். மைசூரு–தூத்துக்குடி ரயிலில் இப்போதே பதிவு செய்தால் இடம் கிடைக்கும். காதுக்கருவியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும், திண்ணையில், இருவருக்கும் கேட்கும்படி ஆறு பாட்டு என்று வைத்திருக்கிறோம். எந்த ஆறு என்று வியாழன் இரவு வழக்கு நடக்கிறது. அந்தப் பாட்டை மட்டும் இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை. நீங்கள் வந்த பிறகு, நால்வரும் உட்கார்ந்து கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன். அதற்கு முன் அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுவேன்.

கருப்பட்டி இரண்டு கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். மருமகளுக்குச் சுக்குக் காப்பி பிடிக்கும் என்று அம்மா சுக்கும் வைத்துக் கட்டினாள். நேரத்துக்குத் தூங்கு. பதிவு செய்யும்போது இரண்டு படுக்கையாகவே பதிவு செய்.

அன்புடன்,
அப்பா