பலகாரத் தயாரிப்பாளர் சங்க ஆண்டறிக்கை: 2021–22

தலைவர் அவர்களுக்கும், காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம். இந்த ஆண்டு கொரோனாவில் நம் உறுப்பினர் இருவரையும் தொழிலாளி ஒருவரையும் பறிகொடுத்தோம். எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டுத் தொடங்குவோம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயர்களை அச்சில் போடவில்லை.

சந்தா, உரிமம் புதுப்பித்தல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நோய்க்காலத்தில் அடுப்பை எப்படி எரியவிட்டோம் என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் என் பலகாரக் கூடத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தோம். அடிப்பிடித்த வாடை முகப்பு வரை வந்துவிட்டது. சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்ற பெண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. “என்னத்தா, வாடை வரலையா?” என்று கேட்டதும் அழுதுவிட்டது. இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறது. வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்த தெர்மாமீட்டர் எல்லாம் சரி என்றுதான் காட்டியது. அந்த வாரம் ஐந்து பேர் படுத்தோம், நானும் அதில் ஒருத்தி. தேறி வந்த பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “வராத நாளுக்குக் கூலி இல்லையே ஆச்சி” என்றது. அந்த வழக்கத்தை வைத்தவள் நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே 10 முதல் முழு ஊரடங்கு. அடைத்துக் கிடந்த நாட்களில் செயற்குழு போனிலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தது. உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருப்பவருக்குப் பாதிக் கூலியை முதலாளியும், மீதிப் பாதியைச் சங்க நிதியும் கொடுப்பது. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உள்ள இடங்களில் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். நம் கூடங்களில் பெரும்பாலானவற்றில் பத்துப் பேர்கூட இல்லை, அதனால் அந்த வழி நமக்கு இல்லை. இது கட்டுப்படியாகுமா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து பேர் ஒரே வாரத்தில் படுத்தால் ஆர்டரும் போய், மாவும் புளித்து, கூடத்தையே பூட்ட வேண்டியிருக்கும் என்பதை என் கணக்கு நோட்டை வைத்தே காட்டினேன்.

அப்புறம் காற்று. கைமுறுக்குச் சுற்ற ஈரத்துணியை நடுவில் விரித்து முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருவதுதான் நம் பழக்கம். பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடும். அதே நெருக்கம், அதே பேச்சு, அடைத்த அறை. இந்த நோய் பரவ வேறென்ன வேண்டும்? பழைய வீடுகளில் கூடம் வைத்திருப்பவர்கள் முறுக்குச் சுற்றுவதை, வீட்டு நடுவில் வானம் பார்த்துத் திறந்து கிடக்கும் வளவு முற்றத்துக்கு மாற்றினார்கள். முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்தால் வீடு முழுக்கக் காற்று ஓடுகிறது. வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் நம் முன்னோர் அப்படிக் கட்டியது நமக்கு இப்போது கைகொடுத்தது. ஐப்பசி மழையில் முற்றத்தில் உட்கார முடியாமல் தாழ்வாரத்தில் ஒற்றை வரிசையாக உட்கார்ந்தோம். கான்கிரீட் கட்டடக்காரர்கள் ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி போட்டார்கள்.

சானிடைசர் விஷயத்தில் ஒரு தப்பு நடந்தது. ஒரு கூடத்தில் அடுப்புக்குப் பக்கத்திலேயே பாட்டிலை வைத்திருந்தார்கள். தேய்த்த கை காயும் முன்னே தீயருகே போனதில் ஒருவருக்கு விரல் பொசுங்கிவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால், தீப்பிடித்தால் சுவாலைகூடச் சரியாகத் தெரியாது. அன்றிலிருந்து அடுப்பு உள்ள இடத்தில் சோப்பும் தண்ணீரும் மட்டும்தான். மாவு பிசையும் கைக்கும் அதுதான் நல்லது. எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவரின் முகக்கவசம் ஒரு மணி நேரத்தில் வேர்வையில் நனைந்து மூச்சை அடைக்கிறது. ஆளுக்கு மூன்று நான்கு கொடுத்து மாற்றச் சொன்னோம். நிற்க முடியாதவர் முற்றத்துக்குப் போய்க் கழற்றி மூச்சு வாங்கிவிட்டு வரலாம் என்று அனுமதித்தோம்.

தெர்மாமீட்டரை மட்டும் நம்புவதையும் விட்டோம். காலையில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகை ஓமம். வாசம் தெரிகிறதா என்று கேட்பது, தொண்டை வலி, உடம்பு வலி உண்டா என்று விசாரிப்பது. இதில் எல்லாம் பிடிபடாது, தெரியும். ஆனால் கேட்டால்தான் அவர்களும் வாய் திறக்கிறார்கள்.

செப்டம்பர் 12-இல் தொடங்கிய மெகா தடுப்பூசி முகாம்களுக்குப் போனவர்களுக்கு அன்றைய கூலியோடு மறுநாள் விடுப்பும் கொடுத்தோம். நவம்பர் 4 தீபாவளி வேலையைப் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்ட பிறகே செய்தார்கள்.

ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது வித்தியாசம் தெரிந்தது. பொங்கல் ஆர்டர் குவிந்திருந்த நேரம். ஏப்ரலில் காய்ச்சலை மறைத்த அதே பெண் விடியற்காலை போன் செய்து, “தொண்டை கரகரங்குது ஆச்சி, நான் வரலை” என்றது. அந்த முறை என் கூடத்தில் வேறு யாருக்கும் பரவவில்லை.

நோய் தணிந்துவிட்டது, நிதியை நிறுத்திவிடலாம் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. கொரோனா என்றில்லாமல் எந்தக் காய்ச்சலுக்கும் இதைத் தொடர வேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம். பொருளாளர் கணக்கு வாசித்ததும் அதை வாக்கெடுப்புக்கு வைக்கிறோம். இன்று நேரில் வந்து கை தூக்க இயலாத உறுப்பினர்கள் எழுதி அனுப்பிய கடிதங்களும் எண்ணிக்கையில் சேரும்.