போர்த்துகீசியம் பயில்வோருக்குப் பாடலே முதல் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்மொழி பயில விரும்புவோர் அம்மொழிப் படங்களை ஆங்கிலத் துணைத்தலைப்புகளுடன் பார்த்தாலே போதும் என்று தங்கள் கல்விப் பகுதியில் அண்மையில் யோசனை கூறப்பட்டிருந்தது. பிரேசில் பாடல்களையும் படங்களையும் துணைகொண்டு போர்த்துகீசியம் பயின்று வருபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆங்கில வரி திரையில் ஓடும்போது கண் அதைப் படிப்பதிலேயே முனைந்துவிடுகிறது. காதுக்கு வேலை இல்லாமல் போகிறது.

தொடக்கநிலையில் இருப்போருக்குப் படத்தைவிடப் பாடலே உகந்தது. பிரேசில் இசையமைப்பாளர் டாம் ஜோபிம் 1972-இல் இயற்றி, 1974-இல் பாடகி எலிஸ் ரெஜினாவுடன் இணைந்து பாடிய மார்ச் மாத மழையைப் பற்றிய பாடலில், 'எ' ('இருக்கிறது', 'ஆகும்' என்ற பொருள்) என்னும் ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வர, கட்டை, கல், கண்ணாடிச் சில்லு, வெயில், இரவு எனப் பெயர்ச்சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. போர்த்துகீசியத்தில் பொருள்களின் பெயர்களுக்கும் பால் உண்டு; ஆண்பாலா பெண்பாலா என்று காட்ட முன்னால் வரும் சிறு சொல்லும் பல பெயர்களோடு சேர்ந்தே ஒலிப்பதால், இலக்கண நூலில் மனப்பாடம் செய்யத் திணறும் பால் வேறுபாடு, பாடலோடு சேர்ந்து தானாகவே பதிந்துவிடுகிறது. பிரேசில் பாடகரும் பாடலாசிரியருமான சிகோ புவார்க்கி 1971-இல் வெளியிட்ட, கட்டடத் தொழிலாளி ஒருவரின் மரணத்தைச் சொல்லும் பாடலோ இன்னும் வியப்புக்குரியது. அதன் அடிகள், கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழும் சொற்களிலேயே முடிகின்றன. போர்த்துகீசியத்தில் பெரும்பாலான சொற்களுக்கு ஈற்றயல் (கடைசிக்கு முந்தைய) அசையில்தான் அழுத்தம் என்பதால், விதிவிலக்கான இச்சொற்களைப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படங்களுக்கு வரும்போது போர்த்துகீசியத் துணைத்தலைப்பே வேண்டும். நம் மொழியைப் போலவே அங்கும் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. 'இருக்கிறேன்' என்ற பொருளில் 'எஸ்தோ' என்று எழுதப்படுவது பேச்சில் வெறும் 'தோ' ஆகிவிடும். இரண்டையும் ஒருசேரக் கண்டும் கேட்டும் பழகினால்தான் இது பிடிபடும். வால்டர் சால்ஸ் இயக்கிய 'சென்ட்ரல் டு பிரேசில்' (1998) இதற்கு ஏற்ற படம். ரியோ ரயில் நிலையத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒவ்வொருவராக வந்து, பெர்னாண்டா மொண்டெநீக்ரோ நடித்த முன்னாள் ஆசிரியையிடம் தம் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொள்கிறார். முகத்தை நேரே பார்த்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக மக்கள் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு இது. பிறகு கதை பிரேசிலின் வடகிழக்குப் பகுதிக்கு நகர்கிறது. ரியோவில் 'நோய்ச்சி' என்று ஒலிக்கும் இரவைக் குறிக்கும் சொல், அப்பகுதியின் பல ஊர்களில் 'நோய்தி' என்றே ஒலிக்கும் என்பதையும் பயில்வோர் அறிந்திருப்பது நல்லது. 'சிடாஜி ஜி டெவுஸ்' (2002) போன்ற, கொச்சை மிகுந்த, வேகமான படங்களைப் பிற்பாடு பார்க்கலாம்.

ஆகவே, பிரேசில் படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்கங்கள், பொதுக் காட்சியோடு, மொழி பயில்வோருக்கென மூலமொழித் துணைத்தலைப்புடன் ஒரு காட்சியையேனும் நடத்த வேண்டும் என்ற வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.