பிரஸ் மிஷினும் பிளாக் சபாத்தும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேச ஆரம்பித்தால் இந்த விஷயம் பாதியிலேயே நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் நான் பர்மிங்காம் வந்திருந்தபோது, பிராட் ஸ்ட்ரீட்டில் வாய்க்கால் பாலத்தின் மேல் இருக்கும் அந்த பெஞ்சைக் காட்டினாய். பிளாக் சபாத் என்கிற ராக் இசைக்குழு ஆட்கள் நாலு பேர் படமும் அதில் இருந்தது. கிடார் வாசிக்கிற டோனி ஐயோமியின் படத்தைத் தொட்டு, "இவருக்கும் உங்களை மாதிரி தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்லதான் விரல் போச்சுப்பா. ஆனா இவர் விடல. நீங்களும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றாய். அதற்கப்புறம் ராத்திரி வரை நான் சரியாகப் பேசவில்லை. உன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை கண்ணு.

நீ போனில் ஏற்றிக் கொடுத்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை ஊருக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். ஆரம்பத்தில் மழை, இடி, தூரத்தில் ஒரு சர்ச் மணி. உன் அம்மா நிஜ மழை என்று நினைத்து மொட்டை மாடியில் காயும் மிளகாயை அள்ள ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது கிடார் ஆரம்பித்திருந்தது. மூன்றே ஸ்வரம். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அப்புறம் நடுவில் ஒன்று. வாசற்படியிலேயே நின்று கேட்டவள், "இது பிரதி மத்யமம்ங்க" என்றாள். கல்யாணி ராகத்தில் வரும்போது அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிற ஸ்வரம், பக்கத்துணை இல்லாமல் தனியாக நிறுத்தினால் இப்படி வயிற்றைக் கலக்குகிறது. பாட்டு கிளாஸில் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த முதல் பாட்டை மூன்று தடவை கேட்டோம்.

அதிலிருந்து நானும் தேடித் தேடிப் படிக்கிறேன். 1969 அக்டோபர் 16 அன்று, லண்டனில் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், ராட்ஜர் பெய்ன் என்கிற தயாரிப்பாளரை வைத்து, ஒரே நாளில் மொத்தத்தையும் பதிந்திருக்கிறார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் வாசிக்க, பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் தனிக் கூண்டில் நின்று கூடவே பாடியிருக்கிறார். மழையும் மணியும் பிறகு சேர்த்தது. இது எனக்கு நன்றாகப் புரிகிற வேலை. பிரஸ்ஸில் டை, அதாவது அச்சு, செட்டிங்குக்குத்தான் நேரம் பிடிக்கும், செட்டிங் சரியாக அமைந்துவிட்டால் முதல் பீஸே தேறிவிடும். இவர்கள் ஜெர்மனியில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் திரும்பத் திரும்ப மேடை ஏறி வாசித்தவர்கள். செட்டிங் அங்கேயே முடிந்துவிட்டது. அன்றைக்கும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 'விக்கட் வேர்ல்ட்' பாட்டோடு ஐயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் தந்தியின் ஒலியைப் பிடிக்கிற பிக்கப் போய்விட, மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜி கிடாரை எடுத்து மீதியை முடித்துவிட்டார்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளிவந்தது. விமர்சகர்கள் திட்டினார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். இங்கிலாந்து ஆல்பம் விற்பனைப் பட்டியலில் எட்டாவது இடம்.

பர்மிங்காமில் ஆஸ்டன் பகுதிப் பையன்கள் அவர்கள். ஆஸி கார் ஹாரன் சோதிக்கிற வேலை பார்த்தவர், கறிக்கூடத்திலும் இருந்தவர். ஐயோமி தகடு வேலை செய்யும் ஃபேக்டரியில். 17 வயது. அன்றுதான் அங்கே கடைசி நாள், அப்புறம் இசைக்குழுவோடு வெளிநாடு போவதாக ஏற்பாடு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக வேண்டாம் என்றிருக்கிறார், அம்மாதான் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். வழக்கமாக பிரஸ் ஓட்டுகிறவர் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத மிஷின். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கையால்தான். அந்த இடத்தைப் படிக்கும்போது என் கை தானாக மடங்கிக்கொண்டது.

அப்புறம் அவர் செய்தது இருக்கிறதே, அது முழுக்க ஃபிட்டர் வேலை. பாத்திரம் கழுவும் லிக்விட் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் குடைந்து, விரல் உள்ளே போகிற அளவுக்குக் கொண்டுவந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டியிருக்கிறார். வெறும் பிளாஸ்டிக் என்றால் தந்தி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அழுத்துகிற சிரமம் குறைய பாஞ்சோ என்கிற வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைக் கிடாரில் கட்டினார். விரலுக்குத் தந்தி தெரியாது, காதுதான் சொல்ல வேண்டும். பல தந்திகளைச் சேர்த்து அழுத்துகிற முழுப் பிடிகளைப் பிடிக்க முடியாமல், குறைந்த விரலில் கனமாக ஒலிக்கிற பிடிகளைத் தேடிக்கொண்டார். ஆல்பத்தில் அவ்வளவு கனமாகக் கேட்பதில் பாதி அந்தத் தொப்பி விரல்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது என் விஷயம். 1993-ல் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்கான தகடு, அதாவது ஸ்டாம்பிங், அடித்துக்கொண்டிருந்தேன். பீஸ் ரேட் கூலி. கையைக் காக்கிற தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள், கால் பெடல் மிஷின். வலது கை மோதிர விரல் நுனி போனது உனக்குத் தெரியும். நான் அப்போது குழல் வாசித்துக்கொண்டிருந்தேன், நிறுத்திவிட்டேன் என்பதும் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு மாதம் முயற்சி செய்தேன் அம்மிணி. சைக்கிள் டியூபை வெட்டி விரலில் உறை மாதிரி ஒட்டினேன். மெழுகு வைத்தேன். குழல் செய்கிறவரிடம் சொல்லி அந்த விரலுக்கான துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக்கூடப் பார்த்தேன். கிடாரில் தந்தியை அழுத்தினால் போதும், அது ஒலிக்கும். குழலில் துளையை மயிரிழை கசியாமல் மூட வேண்டும், ஸ்வரத்தை அசைக்கிற கமகத்துக்குப் பாதி திறந்து மெல்ல உருட்ட வேண்டும். அதைச் செய்வது விரல் நுனிச் சதை. ரப்பர் மூடியது, ஆனால் உருளவில்லை. தோடி ராகம் ஒரு நாளும் தோடியாக வரவில்லை. பட்டறையில் எல்லோரும் போன பிறகு ராத்திரியில் உட்கார்ந்துதான் இதெல்லாம் செய்தேன்.

அந்த பெஞ்சில் நீ அப்படிச் சொன்னபோது இந்த எட்டு மாதமும் தொண்டையில் வந்து நின்றது. நான் முயற்சி செய்யாமல் விடவில்லை. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த மனிதர் மேல் பொறாமை வரும் என்று பயந்துதான் ஆல்பத்தைக் கேட்க ஆரம்பித்தேன். வரவில்லை. 'வார்னிங்' பாட்டில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கிடார் மட்டும் தனியாக அலைகிற இடம் வருகிறதல்லவா, அங்கே அவர் காதாலேயே தடவித் தடவிப் போவது எனக்குக் கேட்கிறது. நீளம் அதிகம்தான், எனக்கு அலுக்கவில்லை. 2025 ஜூலையில் ஆஸ்டனில் வில்லா பார்க் மைதானத்தில் நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்த வீடியோவையும் பார்த்தேன். ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார், அந்த மாதமே போய்விட்டார். ஐயோமியின் விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை அந்தப் பாலத்தின் வழியாகப் போனால் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எனக்கு போன் போடு. இங்கே ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. அன்றைக்குப் பேசாமல் விட்டதைப் பேசலாம். அம்மாவும் கேட்கட்டும், அவளிடமும் நான் சொன்னதில்லை.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அன்புடன்
அப்பா